கதை மாறிய மலை: டிஸ்னி பூங்காவில் புதுப்பித்தலும் வரலாறும்

2023 ஜனவரி 22ஆம் நாள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்னும் நீர்ச்சவாரி கடைசி முறையாக ஓடியது. 1992இல் அங்கே திறக்கப்பட்டு முப்பதாண்டுகள் மக்களை நனைத்த சவாரி அது. 2024 ஜூன் 28 அன்று அதே இடத்தில் 'டியானாஸ் பயூ அட்வென்ச்சர்' என்ற பெயரில் வேறொரு சவாரி திறக்கப்பட்டது. வேறொன்று என்பதும் முழு உண்மையன்று. நீரோடும் கால்வாய், மரத்துண்டு வடிவிலான படகு, இறுதியில் ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து படகு வீழும் சரிவு ஆகியவை அப்படியே இருந்தன. அவற்றைச் சூழ்ந்திருந்த கதை மட்டும் அகற்றப்பட்டு, புதிய கதை பொருத்தப்பட்டது.

கேளிக்கைப் பூங்காக்களின் வரலாற்றில் இது கவனத்துக்குரிய நிகழ்வு. இயந்திரம் தேய்வதும் வண்ணம் மங்குவதும் பராமரிப்புப் பிரிவின் சிக்கல்கள். அவற்றுக்குத் தீர்வு உண்டு. கதை மூப்படைவது அவ்வாறானதன்று. ஒரு காலத்தில் அனைவருக்கும் இனித்த கதை பின்னொரு காலத்தில் ஏன் உறுத்துகிறது, அதை நீக்குவோர் அதனுடன் எதையெல்லாம் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள் என்ற வினாக்கள் வரலாற்று மாணவருக்கு உரியவை.

டிஸ்னி பூங்காக்களில் மிக விரைவாக மூப்படைந்தது எதிர்காலமே. 1955இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் 'டுமாரோலேண்ட்' பகுதி, 1986ஆம் ஆண்டின் உலகைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டது. அங்கே 1957இல் மான்சாண்டோ நிறுவனத்தின் ஆதரவில் எழுந்த பிளாஸ்டிக் வீடு பத்தாண்டுகளில் இடிக்கப்பட்டது. இடிக்கும் இரும்புக் குண்டு அதன் சுவரில் பட்டுத் துள்ளித் திரும்பியதாகப் பலரும் குறிப்பிடுகின்றனர். எதிர்காலம் காலாவதியாகிவிட்டது, அதைக் கட்டிய பொருள்தான் சாக மறுத்தது. புளோரிடாவின் எப்காட் பூங்காவில் 1983இல் திறக்கப்பட்ட 'ஹொரைசன்ஸ்', பாலைவன வேளாண்மை, கடலடி நகரம், விண்வெளிக் குடியிருப்பு ஆகியவற்றைக் காட்டியது. பாலைவனப் பண்ணைக் காட்சியில் ஆரஞ்சு மணத்தையும் பரப்பியது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆதரவு 1993இல் முடிந்தபின் அதன் நாள்கள் எண்ணப்பட்டன. 1999 ஜனவரியில் மூடப்பட்டது. இடிக்கப்பட்ட இடத்தில் 2003இல் 'மிஷன்: ஸ்பேஸ்' வந்தது. எதிர்காலத்துக்கு ஆயுளை வழங்கியதும் பறித்ததும் விளம்பர ஒப்பந்தங்களே என்பதை எப்காட்டின் வரலாறு பல இடங்களில் உறுதிப்படுத்துகிறது.

கடந்தகாலம் அவ்வாறு காலாவதியாவதில்லை என்றே அக்காலத்தவர் நம்பியிருக்க வேண்டும். எல்லைப்புறக் காடு, கடற்கொள்ளையர், தென்மாநில ஆற்றங்கரை என்பவை ஏற்கெனவே பழையவை. மேலும் பழையவையாக அவற்றால் முடியாதல்லவா? ஸ்பிளாஷ் மவுண்டனின் கதை இந்த நம்பிக்கையைக் குலைக்கிறது.

அச்சவாரியின் வேர் 1946இல் டிஸ்னி வெளியிட்ட 'சாங் ஆஃப் த சவுத்' திரைப்படம். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஜார்ஜியாவில், ஒரு பண்ணையில், 'அங்கிள் ரீமஸ்' என்ற முதிய கறுப்பினத்தவர் ஒரு வெள்ளையினச் சிறுவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பதாக அமைந்த படம் அது. பண்ணை வாழ்வை இணக்கமான இன்பவாழ்வாகச் சித்திரித்ததற்காக, வெளியானபோதே கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அதைக் கண்டித்தது. ஆகவே, 'இன்றைய அளவுகோலால் நேற்றை அளக்கக் கூடாது' என்ற வாதம் இங்கே செல்லுபடியாகாது; நேற்றைய அளவுகோலும் அதையே சொன்னது. படத்தின் முதற்காட்சி அட்லாண்டா நகரில் நடந்தபோது, ரீமஸாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட் அதில் கலந்துகொள்ள இயலவில்லை. அந்நகரில் இனப் பிரிவினை சட்டமாக இருந்தது. 1948இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். அப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் கடைசியாக மறுவெளியீடு கண்டது 1986இல். இல்லங்களில் பார்ப்பதற்கான ஒளிநாடாவாகவோ வட்டாகவோ அந்நாட்டில் அது வெளியிடப்படவே இல்லை.

அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1989இல், அதே படத்தை அடிப்படையாகக் கொண்ட சவாரி டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்டது என்பது வியப்புக்குரியது. பூங்காவின் நடைமுறைத் தேவை இதை ஓரளவு விளக்குகிறது. கூட்டம் வராத ஒரு மூலைக்கு மக்களை இழுக்க வேண்டியிருந்தது. 1974 முதல் ஓடிக்கொண்டிருந்த 'அமெரிக்கா சிங்ஸ்' என்னும் இசைக்காட்சிக்குப் பார்வையாளர் குறைந்துவிட்டனர். ஆனால் அதில் பாடிய விலங்கு வடிவ இயந்திரப் பொம்மைகள் நல்ல நிலையில் இருந்தன. வடிவமைப்பாளர் டோனி பாக்ஸ்டர் இரண்டையும் இணைத்து நீர்மலை ஒன்றைக் கற்பனை செய்தார். பழைய பொம்மைகள் பல புதிய மலைக்குக் குடிபெயர்ந்தன. முப்பதாண்டுகளுக்குப் பின் கதை மாறிப் பொறி நின்றது. 1989இலோ, கதை மாறிப் பொம்மை நின்றது.

அப்போதே தணிக்கையும் நடந்திருந்தது. சவாரியில் ரீமஸ் இல்லை, பண்ணை இல்லை. முயலைச் சிக்கவைக்கும் தார்ப் பொம்மைக்குப் பதிலாகத் தேன்கூடு வைக்கப்பட்டது. கதைசொல்லியை நீக்கிவிட்டால் கதை தூய்மையாகிவிடும் என்ற எண்ணம் இதன் பின்னே இருந்தது. சிக்கலின் முடிச்சு உண்மையில் இங்கேதான் விழுகிறது.

ஏனெனில் 'ப்ரேர் ராபிட்' எனப்படும் தந்திரக்கார முயலின் கதைகள் டிஸ்னிக்கு உரியவையல்ல. அவற்றை 1880இல் நூலாக்கிய ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளையின இதழாளருக்கும் உரியவையல்ல. சிறுவயதில் ஜார்ஜியாவின் ஒரு பண்ணையில் வேலை செய்தபோது, அங்கே அடிமைப்பட்டிருந்த மக்களிடமிருந்து அவர் கேட்டவை அவை. வலிய நரியையும் கரடியையும் எளிய முயல் அறிவால் வெல்வது என்பது, சாட்டைக்கு அஞ்சி வாழ்ந்தோர் தமக்குள் சொல்லிக்கொண்ட கதை. அக்கதைகளின் மரபு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. (தார்ப் பொம்மைக் கதையின் மூலத்தை இந்தியாவில் தேடிய நாட்டாரியல் அறிஞர்களும் உண்டு. ஐந்து ஆயுதங்களையுடைய இளவரசன், ஒட்டும் மயிர் கொண்ட அரக்கனைக் கையாலும் காலாலும் தலையாலும் தாக்கி ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும் ஜாதகக் கதையை அவர்கள் சான்றாகக் காட்டினர். அவ்விவாதம் இன்றும் முடிந்துவிடவில்லை.)

ஹாரிஸ் அக்கதைகளுக்கு ஒரு சட்டகம் செய்தார்: மனநிறைவுடைய முதிய வேலையாள், கேட்கும் வெள்ளையினக் குழந்தை. டிஸ்னி அச்சட்டகத்துக்கு வண்ணம் பூசியது. 1989இல் சட்டகம் கழற்றப்பட்டபோது, கதையை உண்டாக்கிய மக்களின் கடைசித் தடமும் அதனுடன் போயிற்று. எஞ்சியவை யாருடையவை என்று தெரியாத சில விலங்குகள். 2023இல் அவ்விலங்குகளும் போயின. படத்தின் ஏக்கம் நிறைந்த பொய்யை அகற்றியது நியாயமே. ஆயினும் அப்பொய்க்குள் அடைபட்டுக் கிடந்த மெய்யும் சேர்ந்தே அகன்றது. அது யாருடையது என்று ஒருமுறையேனும் சொல்லும் வாய்ப்பு பயன்படுத்தப்படவில்லை.

மாற்றத்துக்கான அறிவிப்பு 2020 ஜூனில் வந்தது. மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. திட்டம் முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டதாக நிறுவனம் கூறியது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். நெடுநாள் இழுபறியில் கிடக்கும் முடிவை ஒரு நெருக்கடி வெளியே தள்ளுவது நிறுவன வரலாறுகளில் அரிதன்று.

2009இல் வெளிவந்த 'த பிரின்சஸ் அண்ட் த ஃபிராக்' படத்தின் டியானா, டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. நியூ ஆர்லியன்ஸில் உணவகம் நடத்தக் கனவு காண்பவள். அந்நகரின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் லியா சேஸின் வாழ்வு அப்பாத்திரத்துக்கு உந்துதல் தந்தது. சவாரியில் அவள் தொழிலாளரே உரிமையாளராக உள்ள ஓர் உணவுக் கூட்டுறவு நிறுவனத்தின் தலைவி. முன்பு முட்புதர் சூழ நின்ற மலை, இப்போது லூசியானாவின் உப்புக்குன்று என விளக்கப்படுகிறது. கறுப்பினப் பெண் ஒருத்தியை உழைப்பின் உரிமையாளராக, தன் கதையைத் தானே நடத்துபவளாக அங்கே நிறுத்தியது சிறிய மாற்றமன்று. வரிசையில் நிற்கும் கறுப்பினக் குழந்தைக்கு அது என்ன பொருள் தரும் என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கதைக்களம் 1920களின் லூசியானா. வாக்குரிமையும் பள்ளியும் பேருந்து இருக்கையும் நிறத்தால் பிரிக்கப்பட்ட காலம் அது. சவாரியில் அதன் நிழல்கூட விழவில்லை. மார்டி கிரா விழாவுக்கு இசைக்கலைஞர்களைத் தேடும் மகிழ்ச்சியே நிறைந்திருக்கிறது. பழைய படம் செய்ததும் புதிய சவாரி செய்வதும் ஒன்றே எனக் கூறுவது அநீதி. முன்னது அடக்கப்பட்டவரை அடங்கி மகிழ்பவராகக் காட்டியது. பின்னது அடக்குமுறையைக் காட்டாமல் கடந்துபோகிறது. எனினும் தென்மாநிலத்தின் கடந்தகாலத்தை வலியற்றதாக்கும் பழைய கைப்பழக்கம் கால்வாயைப் போலவே தொடர்கிறது.

இதனுடன் 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' சவாரியை ஒப்பிடலாம். 1967 முதல் டிஸ்னிலாந்திலும் 1973 முதல் புளோரிடாவிலும் ஓடும் அச்சவாரியில், கட்டப்பட்ட பெண்களைக் கொள்ளையர் மணப்பெண்களாக ஏலம் விடும் காட்சி இருந்தது. 2018இல் ஏலம் நீடித்தது, பொருள் மாறியது. ஏலத்துக்கு நின்ற செந்நிறக் கூந்தல் பெண் துப்பாக்கி ஏந்திய கொள்ளைக்காரியானாள். அங்கே ஒரு காட்சியைத் திருத்துவது போதுமானதாக இருந்தது. மலையின் கதையோ திருத்தத்துக்கு இடமின்றி முழுவதும் களையப்பட்டது.

மலைக்கு அருகே, 1971இல் பூங்கா பிறந்த நாள் முதல் 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற செயற்கை ஆறு ஓடியது. நீராவிப் படகும், மார்க் ட்வெயினின் பாத்திரமான டாம் சாயரின் பெயர் தாங்கிய தீவும் அதில் இருந்தன. 2025 ஜூலை 6 அதன் கடைசி நாள். அவ்விடத்தில் 'கார்ஸ்' திரைப்படத்தின் பேசும் வண்டிகள் ஓடுவதற்கான மலைப்பாதைகள் எழவிருக்கின்றன.