சுவரும் ஒரு சுவடி

அரசர்க்கு அரண்மனை உண்டு. வணிகர்க்குக் கணக்கேடு உண்டு. ஆட்சி செய்தவர்க்கு ஆவணக் காப்பகம் உண்டு. கடல் கடந்து உழைக்க வந்த மக்களுக்கோ, அவர்கள் காசு சேர்த்து எழுப்பிய கோயில்களும் பள்ளிகளும் மன்றங்களுமே சுவடிகள். அத்தகைய கட்டடம் ஒன்றைக் காப்பதா, காலத்தின் தேவைக்கேற்ப மாற்றுவதா என்னும் வினா 2014ஆம் ஆண்டில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எழுந்தது. விவேகானந்தா ஆசிரமத்தைப் பற்றிய அவ்வாதத்தின் வேர், போர்ட் கிள்ளான் துறைமுகம் வரை செல்கிறது.

துறைமுகமும் இருப்புப்பாதையும்

இன்றைய போர்ட் கிள்ளான் 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. 1972இல்தான் இன்றைய பெயரைப் பெற்றது. சதுப்பு நிலத்தில் அமைந்த அத்துறைமுகத்தைத் தொடக்கத்திலேயே மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. டாக்டர் மால்கம் வாட்சன் என்பாரின் முயற்சியால் வடிகால்கள் வெட்டப்பட்டுக் காடு திருத்தப்பட்ட பின்னரே அது நிலைபெற்றது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த தமிழர் பல்லாயிரவர் இம்மண்ணில் முதலடி வைத்தது இத்துறையில்தான். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பும் 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் முடிவுற்றது.

இவர்கள் வாழ்ந்த லயங்கள் இவர்களுடையன அல்ல. தோட்ட நிறுவனத்தின் உடைமைகள். தோட்டம் கைமாறியபோது லயமும் மறைந்தது. கிள்ளானின் புக்கிட் ராஜா தோட்டம் இன்று வீடமைப்பும் தொழிற்பேட்டையும் நிறைந்த நகர்ப்பகுதி. இத்தகைய இடங்களில் லயம் நின்ற வரிசையைச் சுட்டிக்காட்டுவது முதியோரின் நினைவு ஒன்றே.

மற்றொரு சாரார் ஏட்டறிவோடு வந்தவர். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே தொடங்கிய இருப்புப்பாதை, 1890இல் ஆற்றைக் கடந்து கிள்ளானையும், 1899இல் புதிய துறைமுகம் அமையவிருந்த இடத்தையும் எட்டியது. இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய சார்லஸ் எட்வின் ஸ்பூனர் 1891இல் சிலாங்கூரின் பொறியாளராக வந்து, பின்னர் மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே தலைவரானார். ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் கிராணிமாராகவும் நிலைய அதிபர்களாகவும் இங்கு வர அவர் காலத்தில் வழி திறந்தது. அவர்கள் குடியேறிய இடங்களுள் முதன்மையானது பிரிக்பீல்ட்ஸ். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், அத்தாப்புக் கூரைகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்டச் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். அதற்கான செங்கற் சூளைகள் இருந்தமையால் இப்பகுதி இப்பெயர் பெற்றது.

1904இல் எழுந்த கட்டடம்

சுவாமி விவேகானந்தர் 1893இல் சிகாகோ செல்லும் வழியில் பினாங்கையும் சிங்கப்பூரையும் கண்டார், 1897இல் யாழ்ப்பாணத்தில் உரையாற்றினார், 1902இல் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், 1904இல், இலங்கைத் தமிழரின் முயற்சியால் பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரால் ஆசிரமம் எழுந்தது. சமயப் பணியோடு கல்விப் பணியும் அங்கே வேரூன்றியது. மாதச் சம்பளக்காரர் சிலர் கூடினால் எத்துணை நிலையான ஒன்றைச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

2014இல் அந்நிலத்தில் 23 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் வெளிப்பட்டது. ஆசிரமம் அழிந்துவிடுமோ என மக்கள் அஞ்சி எதிர்த்தனர். கட்டடமும் முகப்பிலுள்ள விவேகானந்தர் சிலையும் காக்கப்படும் என்றும், வருவாய் கல்விப் பணிக்கே பயன்படும் என்றும் அறங்காவலர் தரப்பு விளக்கியது.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பழைய கூரையைப் பேணவும் வகுப்புகளை நடத்தவும் பொருள் வேண்டும். ஊர்வலம் வருவோர் அனைவரும் மாதந்தோறும் பத்து வெள்ளி கொடுப்பதில்லை. சட்டப்படி பொறுப்பேற்றவர் அறங்காவலரே என்பதும் உண்மை. ஆயினும் பொதுமக்கள் பணத்தில் எழுந்த அறநிலையம் தனியார் சொத்தைப் போன்றதன்று. அதன் நிலத்தை மாற்றுமுன் அம்மக்களைக் கேட்பது முறை. மேலும், சுவரை மட்டும் விட்டுவைத்து அதன் பின்னே 23 மாடியை நிறுத்தினால், ஆசிரமம் அக்குடியிருப்பின் வாயிற்கூடம் போலாகிவிடும் என்ற அச்சமும் பொருளற்றதன்று. அவ்வாண்டிலேயே சுற்றுலா, பண்பாட்டு அமைச்சர் அக்கட்டடம் மரபுடைமையாகக் காக்கப்படும் என அறிவித்தார். ஆசிரமம் இன்றும் நிற்கிறது.

சட்டம் மட்டும் போதுமா?

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அம்பாங் சாலையில் 1929இல் எழுந்த போக் மாளிகை இடிக்கப்பட்டது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட புடு சிறைச்சாலையின் மதிற்சுவர் 2010இல் வீழ்ந்தது. அது பெருமைக்குரியதன்று என நாடாளுமன்றத்திலேயே கூறப்பட்டது. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி 2013இல் நில மேம்பாட்டுப் பணியில் அழிந்த செய்தி, நிகழ்வு முடிந்தபின்னரே நாட்டுக்குத் தெரிந்தது. இதற்கு மாறாக, கோலாலம்பூரின் மத்தியச் சந்தை இடிபடும் நிலையிலிருந்து மீண்டு, 1986இல் கைவினைப் பொருள்களின் சந்தையாக மறுவாழ்வு பெற்றது. மக்கள் நாள்தோறும் நுழையும் கட்டடத்தை இடிப்பது எளிதன்று என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

இங்கு மற்றொரு வினாவும் எழும். ஆசிரமம் கிராணிமார் எழுப்பியது. லயத்துத் தொழிலாளிக்கு அதில் என்ன உரிமை? அக்காலத்தில் இவ்விரு சாராரிடையே இருந்த தொலைவு சிறிதன்று. அதை மறைப்பது வரலாறாகாது. எனினும் அத்தொலைவையும் சேர்த்தே அக்கட்டடம் சொல்கிறது. சொந்த நிலம் வாங்கிக் கட்ட முடிந்தவரின் சுவர் நிற்கிறது. பிறர் நிலத்தில் வாழ்ந்தவரின் சுவர் போய்விட்டது. நிற்கும் சுவரையும் இழந்தால், இந்த வேறுபாட்டை வருங்காலத்துக்கு விளக்கவும் சான்று இராது.

ஆகவே காக்கும் பணி, இடிப்பு இயந்திரம் வாயிலில் நிற்கும் நாளில் தொடங்கத்தக்கதன்று. ஒவ்வொரு சங்கமும் தன் கட்டடத்தின் நிலப் பத்திரம், நன்கொடையாளர் பட்டியல், பழைய நிழற்படங்கள் ஆகியவற்றின் படிகளைத் தன் அலமாரிக்கு வெளியேயும் ஓரிடத்தில் சேமித்து வைத்தல் வேண்டும். நிலத்தை விற்கவோ மாற்றவோ எண்ணினால் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதைச் சங்க விதியில் எழுதிவைத்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தம் ஊரின் பழைய மன்றங்களுக்குச் சென்று, முதியோரைக் கேட்டு எழுதலாம். லயங்களைப் பற்றியும் அவ்வாறே எழுதலாம். அனைத்திற்கும் மேலாக, காக்க வேண்டும் என்று குரல் கொடுப்போர் அக்கட்டடத்தின் வாயிலை அடிக்கடி மிதித்தல் வேண்டும். விளக்கெரியும் மன்றத்திற்குத் துணை நிற்கப் பலர் வருவர். பூட்டிக் கிடக்கும் மன்றத்திற்காக வாதாடுவோர் சிலரே.