முதல் படியில் யார் இருந்தார்கள்?



மறைந்த தோழரின் நினைவைப் போற்றும் இம்மேடையில், நீதிமன்ற அமைப்பின் வரலாற்றைப் பேச எடுத்துக்கொண்டேன். சட்டக் கல்லூரியில் இதை மேலிருந்து கீழே சொல்லித்தருவார்கள்: உயர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், முன்சீப், மாஜிஸ்ட்ரேட். நாம் கீழிருந்து பார்ப்போம். சேரி மக்கள் நீதிமன்றத்தைச் சந்தித்தது அந்த வழியில்தான்.

1816-இல் கும்பினி அரசு சென்னை மாகாணத்துக்குப் புதிய ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. பத்து ரூபாய் வரையிலான சிவில் வழக்குகளைக் கிராமத் தலைவரே முன்சீபாக இருந்து விசாரிக்கலாம். வசைச்சொல், அடிதடி போன்றவற்றுக்கு அவரே தண்டிக்கலாம். மற்றவர்களைச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். ‘தாழ்ந்த சாதியார்’ என்றால் தொழுமரத்தில் கால்களைப் பூட்டி ஆறு மணி நேரம் வரை உட்கார வைக்கலாம். சாதிக்கொரு தண்டனையை மனு மட்டும் எழுதவில்லை. பதினோராம் ஒழுங்குவிதியும் எழுதியது.

இதை எதிர்த்து யார் சாட்சி சொல்வது? சேக்காடும் ஆவடியும் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அம்மாவட்டப் பறையர்களின் நிலையைப் பற்றி 1891-இல் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, உழுத நிலம் மட்டுமல்ல, குடியிருந்த மனையும் மிராசுதார் பிடியில் இருந்ததைக் காட்டியது. வாய் திறந்தால் வீடு போகும்.

மேலே அமைப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. 1801-இல் வந்த சுப்ரீம் கோர்ட்டும் கும்பினியின் சதர் அதாலத்தும் இணைந்து 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆயின. மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, மாவட்ட முன்சீப் என்ற சிவில் படிவரிசையை 1873ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியான ஏ.வரதராஜன், உயர் நீதிமன்ற நீதிபதியானது 1973-இல்தான்.

அதே 1973-இல்தான் கீழ்வெண்மணித் தீர்ப்பும் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நாகப்பட்டினம் செசன்ஸ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த நிலக்கிழார்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை அது நம்ப மறுத்தது. மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. கீழே பதிவான காகிதத்தைத்தான் படிக்கிறார். அந்தக் காகிதத்தில் கூலியாளின் சொல்லுக்கு என்ன எடை என்பதை அவருடைய பார்வை தீர்மானிக்கிறது.

மேலவளவு வழக்கில் வேறு விதமாக நடந்தது. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். விசாரணை மதுரையிலிருந்து சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2006-இல் உயர் நீதிமன்றமும், 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. உயிருக்கு அஞ்சாமல் சாட்சி சொன்ன மக்களும், வழக்கை விடாமல் நடத்திய வழக்கறிஞர்களும் முதல் படியைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் மேல்படிகளிலும் தீர்ப்பு நின்றது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த முதல் படியை மாற்றவே சிறப்பு நீதிமன்றங்களைக் கொண்டுவந்தது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றுக்கு நேரடியாக வழக்கை ஏற்கும் அதிகாரம் தந்தது; குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்கவும் சொன்னது. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். ஆவடி போன்ற காவல் ஆணையரகப் பகுதியில் உதவி ஆணையர். ஜாமீன் மனு உள்ளிட்ட ஒவ்வொரு நடவடிக்கையையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ளவும், நீதிமன்றத்தில் தன் தரப்பைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு.

இவை தாமாக நடப்பதில்லை. முதல் தகவல் அறிக்கை எழுதப்படும் நேரத்தில் காவல் நிலையத்தில் நம்மில் ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்தச் சட்டப் பிரிவு எழுதப்பட்டது, எது விடப்பட்டது என்று அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். சட்டம் படிக்கும் மாணவர்களே, உயர் நீதிமன்றத்துக்குப் பிறகு போகலாம். முதலில் காவல் நிலையத்துக்கு வாருங்கள்.