சுன்னாகத்தில் வடிசாலைக் குடும்பம் உருவாகாதது ஏன்?

சிலி நாட்டின் வறண்ட எல்கிப் பள்ளத்தாக்கில் திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் 'பிஸ்கோ' பல குடும்பங்களுக்குப் பரம்பரைத் தொழில். அங்குள்ள லொஸ் நிச்சோஸ் வடிசாலை 1868இல் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தைச் சூழ்ந்த வலிகாமத்துச் செம்மண்ணிலும் திராட்சை காய்க்கிறது; பனைக்கோ குறைவில்லை. ஆயினும் குடும்ப வடிசாலை என்ற மரபு இங்கு வேர்விடவில்லை. இதற்கான காரணத்தை மண்ணில் தேடிப் பயனில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திராட்சையின் கதை சிறியது. கிணற்று நீர் பாய்ச்சிப் பந்தலில் படரவிடும் 'இஸ்ரேல் புளூ' இனம் இங்கு பழமாகவே சந்தைக்குப் போகிறது. ரசம் என்றால் நினைவுக்கு வருவது தோலகட்டி ஆச்சிரமம். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைதாசர் சபையின் இல்லம் அது. துறவிகளின் கைத்தொழிலுக்குக் குடும்ப வாரிசு ஏது?

பரம்பரை என்ற சொல் உண்மையில் பொருந்துவது பனைச் சீவலுக்குத்தான். தளநாரைக் காலில் மாட்டி மரமேறுபவர், பாளையைக் கட்டி, நாள்தோறும் பதமாக நசித்து, நுனியை மெல்லியதாகச் சீவி முட்டியைக் கட்டுகிறார். காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். சீவல் தவறினால் பாளை அடைத்துக்கொள்ளும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பணி. அதைக் காய்ச்சிக் குட்டானில் வார்த்தால் பனங்கட்டி. பூசாவிட்டால் கள். எவ்வளவு சீவுவது, எப்போது நசிப்பதை நிறுத்துவது என்பதையெல்லாம் மகன் தகப்பனின் கையைப் பார்த்தே பழகினான். இவ்வளவு நுட்பமும் கள்ளோடு நின்றுபோயிற்று. கள் ஒரு நாள் கடந்தாலே புளித்துக் காடியாகத் தொடங்கும். அதைக் காப்பாற்ற இருந்த வழிகளில் ஒன்று வடித்தல். அந்த வழி சட்டத்தால் அடைபட்டிருந்தது.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளிறக்குவதையும் சாராயம் வடிப்பதையும் அனுமதிப்பத்திரத்துக்குள் அடக்கியது. தவறணை எடுக்கவும் வடிசாலை நடத்தவும் முதல் வேண்டும். அது சீவல் தொழிலாளியிடம் இருக்கவில்லை. அனுமதியின்றி அடுப்பேற்றினால் அது 'கசிப்பு', பிடிபட்டால் நீதிமன்றம். ஒரே செயலை முதலாளி செய்தால் தொழில், தொழிலாளி செய்தால் குற்றம் என்றாகிவிட்டது.

சட்டத்தை மட்டும் குறைசொல்வது பாதி உண்மையே. எல்கியில் திராட்சைத் தோட்டம் வடிப்பவருடையது. இங்கே மரம் ஒருவருடையது, ஏறுபவர் வேறொருவர். சீவல் தொழிலாளர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். காணி உறுதியோ பெரும்பாலும் உயர்சாதியாரின் பெட்டகத்தில் இருந்தது. குத்தகை மரத்தை நம்பி எவர் செப்புக் கொதிகலன் வாங்குவார்? கோயிலும் தேநீர்க் கடையும் மறுக்கப்பட்டவர்களுக்குக் கடன் கொடுக்க வங்கி முன்வருமா? 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டதும் பொலிஸார் அதைத் தாக்கியதும் இதே சுன்னாகத்தில்தான். பனைத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் அந்த நாளை ஒதுக்கிவைப்பது சரியல்ல.

1970களின் முற்பகுதியில் சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தபின் நிலைமை மாறியது. இடையாளை விட்டுச் சங்கத்துக்கே கள் ஊற்றினார்கள். சங்கமே தவறணை நடத்தியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. பருவகாலத்தில் மிஞ்சும் கள், பருத்தித்துறைக்கு அண்மையிலுள்ள திக்கம் வடிசாலை போன்ற இடங்களில் பனஞ்சாராயமானது. சிலியிலும் 1930களில் 'கொன்ட்ரோல்', 'கபெல்' ஆகிய கூட்டுறவுகள் எழுந்தன. அவை திராட்சை விளைவித்தவர்களின் சங்கங்கள். நம்முடையவை உழைப்பை மட்டுமே உடைமையாகக் கொண்டவர்களின் சங்கங்கள். போர் வந்தபோது இந்த வேறுபாடு கடுமையாக வெளிப்பட்டது. இடம்பெயர்ந்த சீவல் தொழிலாளியால் கத்தியைக் கொண்டுபோக முடிந்தது. மரத்தைக் கொண்டுபோக முடியவில்லை.

இன்று சிறு வடிசாலைகள், பனஞ்சாராய ஏற்றுமதி என்று பேசுவோர் மரக் குத்தகையை நீண்டகால உரிமையாகத் தொழிலாளி பெயரில் எழுதுவது பற்றி முதலில் பேசட்டும். அது நடக்காமல் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் பழையபடி முதல் உள்ளவர் கைக்கே போய்ச் சேரும்.