வானத்தில் ஒரு துளை: ஒரு சொல்லின் வரலாறு

1834 முதல் 1838 வரை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் தங்கித் தெற்கு வானத்தை ஆராய்ந்தார் ஜான் ஹெர்ஷல். அக்காலத்தில் ஜெர்மனியின் ஹனோவரில் வாழ்ந்த அவருடைய அத்தை கரோலின் ஹெர்ஷல், எண்பது வயதைக் கடந்த நிலையிலும், விருச்சிகத்தின் உடற்பகுதியைக் கூர்ந்து பார்க்குமாறு அவருக்குக் கடிதம் எழுதினார். ஜானின் தந்தை வில்லியம் ஹெர்ஷல் ஒருமுறை அப்பகுதியை நோக்கி நெடுநேரம் பேச்சின்றி இருந்ததும், பிறகு இங்கே உண்மையாகவே வானத்தில் ஒரு துளை இருக்கிறது எனத் தாய்மொழியில் கூவியதும் அவர் நினைவில் அழியாமல் இருந்தன. ‘உண்மையாகவே’ என்ற சொல் அங்கு முக்கியமானது. வில்லியம் உவமை சொல்லவில்லை. தாம் கண்டதற்குப் பெயரிட்டார்.

அப்பெயருக்குப் பின்னால் வலுவான தருக்கம் இருந்தது. வானின் ஒவ்வொரு திசையிலும் தொலைநோக்கியின் பார்வைப்புலத்தில் விழும் விண்மீன்களை எண்ணி, பால்வீதியின் வடிவத்தைக் கணிக்க முயன்றவர் அவர். கேட்டை விண்மீனுக்குச் சற்று வடக்கே அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இல்லாமற்போனது. அவ்வெறுமையின் விளிம்பில், இன்று எம் 80 எனப்படும் செறிந்த விண்மீன் திரள் ஒன்று இருந்தது. ஈர்ப்புவிசை அப்பகுதியின் விண்மீன்களையெல்லாம் திரளுக்குள் இழுத்துக்கொண்டதால் எஞ்சிய இடம் காலியானது என 1785ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் கருதினார். அழகான விளக்கம்தான்! ஆனால் அது வெளி முழுவதும் ஒளியைத் தடையின்றிக் கடத்துகிறது என்ற ஒரே எடுகோளின் மீது நின்றது. எம் 80 ஏறத்தாழ 30,000 ஒளியாண்டுத் தொலைவிலும், அந்த இருள் 400 ஒளியாண்டு அளவிலான தொலைவிலும் உள்ளன என்பது இன்று தெரியும். இரண்டுக்கும் எவ்வித உறவும் இல்லை.

ஐரோப்பிய மரபு விண்மீன்களை இணைத்தே உருவங்களைக் கண்டது. இடைப்பட்ட இருள் அதற்கு வெறும் பின்புலம். ஆண்டிய மலைமக்களோ பால்வீதியின் இருண்ட பட்டைகளில் லாமாவையும் அதன் குட்டியையும் கண்டனர். ஆஸ்திரேலியத் தொல்குடியினர் பலர் அவ்விருளில் ஈமுப் பறவையைக் கண்டனர். இதை நவீன அறிவியலின் முன்னறிவு எனக் கொண்டாடுவது மிகை. எனினும் அம்மொழிகளில் இருள் பெயருடைய ஒரு பொருளாக இருந்தது என்பதைக் கடந்துபோக முடியாது.

‘துளை’ என்ற சொல்லோடு நெடுங்காலம் போராடியவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். 1857இல் நாஷ்வில்லில் வறுமையில் பிறந்து, ஒன்பது வயதிலேயே ஒளிப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்குக் கற்ற கைத்தொழிலே பின்னாளில் பால்வீதியைப் படமெடுக்க அவருக்கு உதவியது. லிக் ஆய்வகத்திலும் யெர்க்ஸ் ஆய்வகத்திலும் பல மணி நேரம் நீளும் ஒளிபதிவுகளை எடுத்தார். 1905இல் புரூஸ் தொலைநோக்கியை மவுண்ட் வில்சனுக்கே கொண்டுசென்று அவ்வாண்டின் பெரும்பகுதியை அங்குக் கழித்தார். வெறுங்கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த இருள் அவருடைய தட்டுகளில் கூரிய விளிம்புகளுடனும் கிளைகளுடனும் பதிந்தது. துளைக்கு அத்தகைய விளிம்பு எப்படி அமையும்? அதோடு, தற்செயலான இடைவெளி கண்ணுக்குத் துளையாகத் தெரிய வேண்டுமானால், பூமியை நோக்கியே பல்லாயிரம் ஒளியாண்டு நீளும் நேரான சுரங்கமாக அது அமைய வேண்டும். அப்படி ஒன்று இருக்கலாம்; நூற்றுக்கணக்கில் இருப்பது எளிதில் நம்பத்தக்கதன்று.

இருந்தும் பர்னார்ட் தயங்கினார். 1913 கோடையின் நிலவற்ற ஓர் இரவில், தனுசு ராசியின் ஒளிமிகுந்த விண்மீன் கூட்டங்களுக்கு முன்னால் சிறு முகில்கள் மிதந்து செல்வதை அவர் கண்டார். ஒளியின் பின்னணியில் அவை மைத்துளிகளைப் போல் கருத்திருந்தன; தட்டுகளில் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த கரும்புள்ளிகளை அவை அப்படியே ஒத்திருந்தன. அதற்குப் பிறகும், 1919இல் 182 பொருள்களைப் பட்டியலிட்டபோது அவற்றை அவர் ‘இருண்ட குறிகள்’ என்றே தலைப்பில் அழைத்தார். துளை என்றோ முகில் என்றோ உறுதி கூறாத சொல் அது. பெரும்பாலானவை ஒளியை மறைக்கும் பொருள்களே என நம்பியும், எல்லாவற்றுக்கும் அதைப் பொதுவாக்க அவர் மனம் ஒப்பவில்லை. இதைக் கோழைத்தனம் எனச் சிலர் எண்ணக்கூடும். தட்டு சொல்லாததைத் தானும் சொல்வதில்லை என்ற ஒளிப்படக்காரரின் நேர்மை என்று கொள்வதே பொருத்தம். 1923இல் அவர் மறைந்தார். 349 பொருள்களை உள்ளடக்கிய அவரது ஒளிப்பட நிலப்படத்தை எட்வின் ஃப்ராஸ்டும், பர்னார்டின் உறவினரான மேரி கால்வர்ட்டும் 1927இல் வெளியிட்டனர்.

வழக்கைத் தீர்த்தது இருளின் படம் அன்று, ஒரு கணக்கு. 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர் விண்மீன் கொத்துகளின் தொலைவை அவற்றின் ஒளியைக் கொண்டு அளந்தார். தொலைவு கூடக்கூட, கொத்துகளின் உண்மையான விட்டமும் பெருகுவதாகக் கணக்கு காட்டியது. சூரியனிலிருந்து விலக விலகக் கொத்துகள் பெருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஆகவே அவற்றின் ஒளி வழியில் மங்குகிறது. அதனால்தான் அவை உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றுகின்றன. விண்மீன்களுக்கு இடையே தூசு உண்டு என்பதை அதன்பின் மறுப்பது கடினமாயிற்று.

அடுத்த கேள்வி, அந்தத் தூசு அங்கு என்ன செய்கிறது என்பது. 1947இல் பார்ட் போக்கும் எடித் ரெய்லியும் சிறிய, உருண்டையான கரும்முகில்கள் சுருங்கி விண்மீன்களாகும் கட்டத்தில் இருக்கலாம் என எழுதினர். தூசு வெளியொளியைத் தடுப்பதால் முகிலின் உட்பகுதி 10 கெல்வின் அளவுக்குக் குளிர்கிறது. குளிர்ந்த வாயுவின் அழுத்தம் குறைவதால் ஈர்ப்பு மேலோங்குகிறது. ஆனால் உள்ளே நடப்பதைப் பார்க்கவிடாமல் மறைப்பதும் அதே தூசுதான். 1970இல் கார்பன் மோனாக்சைடின் ரேடியோ உமிழ்வு கண்டறியப்பட்டதும் முகில்களின் உட்புறத்தை அளக்கும் வழி பிறந்தது. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் வானை அளந்தது. அத்தரவுகளைக் கொண்டு, போக் உருண்டைகளுக்குள் இளம் விண்மீன்கள் இருப்பதை 1990இல் யுன்னும் கிளெமென்ஸும் காட்டினர். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே போக் மறைந்திருந்தார்.

ஹெர்ஷல் பேச்சிழந்து பார்த்த பகுதி இன்று ரோ ஒபியூக்கி முகில் தொகுதி என வழங்குகிறது. விண்மீன்கள் விலகிப்போனதாக அவர் கருதிய இடத்தில் அவை பிறந்துகொண்டிருக்கின்றன. 2023 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வெளியிட்ட படம் அத்தொகுதியின் ஒரு சிறு பகுதியை மட்டுமே காட்டுகிறது. அதிலேயே ஏறத்தாழ 50 இளம் விண்மீன்கள் உள்ளன. சிலவற்றைச் சுற்றி, கோள்கள் உருவாகக்கூடிய வட்டுகளின் நிழலும் தெரிகிறது.