சிலாபக் கரையின் கருவாட்டுப் பெண்கள்

இலங்கையின் மேற்குக் கரையில், கொழும்புக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில், தெதுறு ஓயா கடலில் சேரும் இடத்தை அண்டி இருக்கும் மீன்பிடி நகரம் சிலாபம். அங்கும் உடப்பு போன்ற அயலூர்களிலும் கடலுக்குப் போவது ஆண்கள். மீனை வெட்டி, உப்பிட்டு, உலர்த்துவதில் பெரும்பங்கு பெண்களுடையது.

ஐப்பசிக்குப் பிறகு சித்திரை வரை கடல் அடங்கியிருக்கும். கரைவலை இழுபடுவது அப்போதுதான். மாசி, பங்குனி வெயில் கருவாட்டுக்கு வாய்த்த வெயில். ஊரார் நிழல் தேடும் மாதங்களில் வாடி எனும் கரையோரக் கருவாட்டுக் கொட்டில்களில் பெண்களுக்கு நிமிர நேரமிராது. பெரிய மீனைப் பிளந்து, குடலும் செவுளும் நீக்கி, உப்பிட்டுத் தொட்டியில் ஊறவைப்பார்கள். பிறகு கழுவி, பாயில் பரப்பி, இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். நெத்தலிக்கு இவ்வளவு பாடில்லை. வலை இழுப்பவருக்குப் பிடிபாட்டில் பங்குண்டு. உலர்த்துபவருக்குப் பெரும்பாலும் நாட்கூலிதான்.

வைகாசியில் சோளகக் காற்று எழுந்தால் கடல் கொந்தளிக்கும். பல குடும்பங்கள் வலையோடு முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் பெயரும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அந்த வழி பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது.

ஊரில் தங்கியவர்களுக்கு அது திருவிழாக் காலம். உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு, முன்னேஸ்வரத்தில் ஆவணித் திருவிழா. கற்பிட்டிக் குடாநாட்டின் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கோ குடும்பங்கள் சட்டிபானையோடு போய், கடலோரத்தில் குடில் போட்டு நாட்கணக்கில் தங்கும். இங்கே நேர்த்திக்கடனைச் சாட்டித்தான் ஓய்வு. கடலோரத்துப் பெண்கள் அதற்கும் இன்னொரு கடலோரத்துக்கே போனார்கள்!

1916இல் ரயில் சிலாபத்தை எட்டியது. 1950களுக்குப் பின் இயந்திரப் படகும் நைலோன் வலையும் பரவின. பனிக்கட்டி கிடைக்கத் தொடங்கியதும் நல்ல மீன் பச்சையாகவே கொழும்புக்குப் போயிற்று. 1980களில் இறால் பண்ணைகள் வந்தன. இறாலைத் தரம் பிரித்துப் பொதியிடும் வேலை பெண்களுக்குப் புதுக் கூலியானது. 1996இல் வெண்புள்ளி நோய் பண்ணைகளைத் தாக்க, அந்தக் கூலியும் ஆட்டங்கண்டது.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. சிறுபடகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் ஓடுவது அந்த எண்ணெயில்தான். படகு கரையில் நின்ற நாட்களில் வாடியில் வெட்ட மீனில்லை, கூலியும் இல்லை.