பழைய படகு இயந்திரமா? டீசல் பம்ப், பில்டரில் கவனம் தேவை

ஜார்ஜ்டவுன் – நகரின் ஊடே ஓடும் சுங்கை பினாங், ஜெலுத்தோங் அருகே பினாங்கு நீரிணையில் கலக்கிறது. முகத்துவாரத்தைத் தாண்டியதும் இயந்திரம் நின்றுபோனால், நீரோட்டம் சிறு படகைக் கப்பல் வழிக்கே இழுத்துச் சென்றுவிடலாம். உள்ளே பொருத்தப்பட்ட பழைய டீசல் இயந்திரங்கள் பாதி வழியில் நிற்க, பல வேளைகளில் டீசலில் சேர்ந்த தண்ணீர், அழுக்கு, காற்று ஆகியவையே காரணம்.

டீசல் செல்லும் வழி

தொட்டியிலிருந்து வரும் டீசல் முதலில் தண்ணீரைப் பிரிக்கும் பில்டரில் இறங்குகிறது. டயாபிராம் பம்ப் அதை இழுத்து, இயந்திரத்தில் உள்ள இரண்டாவது பில்டர் வழியாக இன்ஜெக்‌ஷன் பம்புக்கு அனுப்புகிறது. முதல் பில்டருக்கு 10 அல்லது 30 மைக்ரோன் போதும். அங்கேயே 2 மைக்ரோன் பில்டரைப் போட்டால் விரைவில் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் எப்படி வருகிறது?

பாதி காலியான தொட்டியின் சுவரில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகிறது. டீசலைவிட கனமான அந்த நீர் அடியில் தங்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து கருப்புச் சளிபோல் பில்டரை அடைக்கின்றன.

மலேசியாவில் 2019-இல் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கும் பி10 திட்டம் நடப்புக்கு வந்தது. பயோடீசல் ஈரத்தை அதிகம் ஈர்க்கும். தொட்டியின் பழைய கசடைக் கரைத்துவிடும். பழைய ரப்பர் குழாய்களையும் பாதிக்கும். ஆகவே, தொடக்கத்தில் பில்டரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

டயாபிராம் கிழிந்தால்

சில பம்புகளில் கிழிந்த டயாபிராம் வழியே டீசல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் அளவு கூடினாலோ, டீசல் வாடை வந்தாலோ இயந்திரத்தை ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைத் தேய்த்துவிடும்.

காற்றை வெளியேற்றும் முறை

1. பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, பம்பின் கைநெம்பை அசைக்கவும். நெம்பு இறுக்கம் தராவிட்டால் இயந்திரத்தை ஒரு சுற்று திருப்பவும்.
2. குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் திருகை முடுக்கவும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பிலும் இவ்வாறே செய்யவும்.
3. பிறகும் கிளம்பாவிட்டால் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றவும். பீறிடும் டீசலில் கை படக் கூடாது.
4. நீண்ட நேரம் சுழற்றும்போது கடல்நீர் வால்வை மூடி வைக்கவும். இல்லாவிட்டால் புகைக்குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் புகலாம். இயந்திரம் கிளம்பியதும் உடனே திறந்துவிடவும்.

கடலுக்குப் போகுமுன் பில்டர் கிண்ணத்தில் உள்ள நீரை வடித்துவிட்டு, மாற்று பில்டர் ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. வடித்த டீசலை ஆற்றில் ஊற்றாமல் மூடிய கலனில் சேர்த்து, முறையாக அப்புறப்படுத்த வேண்டும்.