டைல்ஸ் இடுக்கும் ழவேல் தண்ணீரும்

டைல்ஸ் போட்ட வீட்டில் முதலில் மூப்புத் தட்டுவது இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஓடும் வெள்ளைக் கோட்டுக்குத்தான். கொத்தனார் அதை ஜாயிண்ட் என்பார். கடைக்காரர் கிரவுட் என்பார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாங்கள் அதே ஜாயிண்ட்டை ‘ழுவேன்’ என்று உச்சரித்தோம். அது கறுத்துப்போனால் நாம் தேடுவது இரண்டு புட்டிகளை. ஒன்று ஆசிட், மற்றொன்று பிளீச்சிங். இந்த மூன்றின் பூர்வீகமும் தெரிந்திருந்தால் தரையும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்.

முதலில் இடுக்கைப் பார்ப்போம். புதுச்சேரியின் பழைய வீடுகளில் கல்லையும் ஓட்டையும் பிணைத்தது சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்துப் பூசுவார்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகிவிடும். பிரான்சில் லூயி விக்கா என்ற பொறியாளர், சுண்ணாம்போடு களிமண்ணைச் சரியான அளவில் சேர்த்துச் சுட்டால் தண்ணீருக்குள்ளேயே இறுகும் என்பதை ஆராய்ந்து 1818-ல் வெளியிட்டார். சிமெண்ட் இறுகும் நேரத்தை அளக்கும் ஊசிக்கு இன்றும் விக்கா ஊசி என்றுதான் பெயர். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே, இடுக்கில் இருப்பது கிளிஞ்சல் சுண்ணாம்பானாலும் வெள்ளை சிமெண்டானாலும், குலம் ஒன்றே: சுண்ணாம்புக் குலம்.

சுண்ணாம்புக்குப் பரம வைரி அமிலம். ஆசிட் ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்கும். அழுக்கு போகிறது என்று நமக்கு ஒரே மகிழ்ச்சி. உண்மையில் கரைந்து போவது இடுக்குதான். முதல் நாள் பளிச்சென்று இருக்கும். மேல்தோல் அரித்துப்போனதால் அடுத்த மாதம் முன்னைவிட அதிகமாக அழுக்கைக் குடிக்கும். பிறகு அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும், டைல்ஸ் தட்டினால் ‘டொக் டொக்’ என்று ஓசை கேட்கும். கடப்பைக் கல்லும் சலவைக் கல்லும்கூட இதே குலந்தான். ஆத்தங்குடிக் கல்லோ சிமெண்டில் வார்ப்பது. அவற்றின் மேலும் ஆசிட் படக்கூடாது.

இனி இரண்டாவது புட்டி. 1774-ல் சுவீடனில் ஷீலே என்பவர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு மாங்கனீசு கனிமத்தோடு சேர்த்துச் சூடாக்கி, பசுமஞ்சள் நிற வாயு ஒன்றைப் பெற்றார். அதுதான் குளோரின். அது துணியை வெளுக்கும் என்று கண்டவர் பிரான்சின் பெர்த்தொலே. பாரிஸ் நகரையொட்டி ழவேல் என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலையில், 1780-களின் கடைசியில், அந்த வாயுவைக் காரநீரில் கரைத்து வெளுப்பு நீர் தயாரித்தார்கள். அதனால் ‘ஓ த் ழவேல்’, அதாவது ழவேல் தண்ணீர் என்று பெயர். பாரிஸ் மெட்ரோவில் இன்றும் ழவேல் என்ற நிலையம் உண்டு. 1799-ல் கிளாஸ்கோவின் சார்லஸ் டெனன்ட் அதே வாயுவை நீற்றிய சுண்ணாம்பின் மேல் செலுத்தித் தூளாக்கினார். நம் தெருச் சாக்கடையோரம் தூவுகிறார்களே, அந்த பிளீச்சிங் பவுடர்!

இரண்டு புட்டிகளையும் சேர்த்து ஊற்றினால் என்ன ஆகும்? அடைத்து வைத்த குளோரின் வெளியே வந்துவிடும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே பிரெஞ்சுப் படை வரிசையின் மேல் ஜெர்மானியர் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். கடற்கரைச் சாலையில் அந்தப் போரின் நினைவுச் சின்னத்தைக் கடந்து தினமும் நடக்கும் நாம், அதே வாயுவை ஜன்னல் சாத்திய குளியலறையில் உண்டாக்கலாமா? கழிவறைக்கு ஊற்றும் நீலத் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது அமிலமே. நம் வயதில் நுரையீரல் இதைத் தாங்காது.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் சோப்புத் தண்ணீர் அல்லது சலவை சோடா, பழைய பல் துலக்கும் பிரஷ், பொறுமை. பூஞ்சைக் கறுப்பு மட்டும் பிடிவாதமாக நின்றால், இடுக்கை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிஷம் விட்டுக் கழுவலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையில் உறை இருக்கட்டும். பிறகு தரையை உலர விடுங்கள். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு வேலையில்லை. இடுக்கு உதிர்ந்திருந்தால் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்புவதே முறை. சிமெண்ட் கலவையானால் இரண்டு மூன்று நாள் லேசாக ஈரம் காட்ட வேண்டும்.

கொத்தனார் வந்து “ஒரு பாட்டில் ஆசிட் வாங்கிக் கொடுங்க சார், கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்” என்பார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், ஆசிட் வேண்டாம்.